படம் எடுப்பது வேறு, வெளியிடுவது வேறு

கேள்வி: பட்டுக்கோட்டைப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆளுக்கு மூன்று நிமிடத்தில் தங்கள் வீட்டுக் கதையை டிஜிட்டல் கதையாக்கச் சொன்னேன். சொந்தக் குரல், செல்போன் படங்கள், கொஞ்சம் இசை, அவ்வளவுதான். ஒரு மாணவி கஜா புயலில் தென்னந்தோப்பு அழிந்ததையும், அதன்பிறகு அப்பா குடிக்கப் பழகியதையும் சொல்லியிருக்கிறாள். பார்த்து வகுப்பே அழுதது. அதைப் பள்ளியின் யூடியூப் சேனலில் போட்டுவிட்டு ஒரு போட்டிக்கும் அனுப்பலாம் என்கிறார் தலைமையாசிரியர். சேர்க்கையின்போதே பெற்றோரிடம் கையெழுத்து வாங்கியாயிற்று, அது போதும் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்பா வரும் பகுதியை நானே வெட்டிவிடலாமா? விழுந்த தோப்பைக் காட்ட அவள் இணையத்திலிருந்து ஒரு படத்தை எடுத்துப் போட்டிருக்கிறாள். இன்னொரு பையன், இறந்துபோன தன் பாட்டியை ஏஐ செயலியில் பேச வைத்திருக்கிறான். பாதிப் பேர் சினிமாப் பாட்டைப் பின்னணியில் ஓடவிட்டிருக்கிறார்கள். இதிலெல்லாம் எது சரி, எது தவறு?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

போட்டிக்குக் கடைசித் தேதி நாளைக்கே என்றாலும் அந்தப் படத்தை இப்போது எங்கும் ஏற்றாதீர்கள். உங்கள் மற்ற கேள்விகளுக்கு நிதானமாகப் பதில் தேடலாம். இது ஒன்றுதான் அவசரம்.

உங்கள் மாணவி கதையைச் சொன்னது உங்களை நம்பி, தன் வகுப்பை நம்பி. அங்கே சொல்லச் சம்மதித்தாள் என்பதாலேயே ஊருக்குச் சொல்லச் சம்மதித்தாள் என்று ஆகாது. பள்ளிகளில் இந்தப் பயிற்சியைக் கொடுத்துவரும் எனக்குத் தெரிந்து பெரும்பாலான சிக்கல்கள் இங்கேதான் தொடங்குகின்றன. படம் நன்றாக வந்துவிட்டால் அதைப் பத்துப் பேர் பார்க்க வேண்டும் என்று நமக்குக் கை பரபரக்கிறது. பிள்ளை எதற்குச் சரி என்றது என்று திரும்பிப் போய்க் கேட்பதில்லை.

சேர்க்கைப் படிவக் கையெழுத்து இதற்குச் செல்லாது. அதைப் போட்டபோது இப்படி ஒரு படம் உலகத்திலேயே இல்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் என்பது குறிப்பிட்ட ஒரு காரியத்துக்காக, விவரம் தெரிந்து, கட்டாயமில்லாமல் கொடுக்கப்பட வேண்டும் என்கிறது. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவதும், கொடுத்த அளவுக்கே எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. 18 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்த்து வாங்க வேண்டும். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தலைமையாசிரியரிடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள். அவரும் பிள்ளைக்கு நல்லது நினைத்துத்தான் சொல்கிறார், சட்டத்தின் பெயரைக் கேட்டதும் கொஞ்சம் நிற்பார்.

ஆனால் உங்கள் விஷயத்தில் சட்டத்தைவிடப் பெரிய முடிச்சு ஒன்று இருக்கிறது. பெற்றோர் ஒப்புதல் என்றால் யாரிடம் வாங்குவீர்கள்? கதையில் வரும் அந்த அப்பாவிடம்தான். படத்தைக் காட்டாமல் கையெழுத்து வாங்கினால் அது ஏமாற்று. காட்டினால், மகள் வகுப்பில் தன்னைப் பற்றி என்ன சொன்னாள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அந்த வீட்டில் அன்று ராத்திரி என்ன நடக்கும் என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது. ‘அம்மா கையெழுத்துப் போட்டால் போதாதா’ என்று யாராவது சொல்வார்கள். காகிதத்துக்கு வேண்டுமானால் போதும். ஆனால் அந்தத் தாயைப் போய் எதில் மாட்டிவிடுகிறோம் என்று யோசியுங்கள்.

அதனால் படிவம் எதுவும் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் பேசுங்கள். மற்ற ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்கும் அறையில் வேண்டாம். பார்த்தால் தெரிகிற, ஆனால் பேச்சு காதில் விழாத இடமாக இருக்கட்டும். வராந்தா, மரத்தடி எதுவானாலும் சரி. ‘இதை யூடியூப்பில் போடலாமா’ என்று கேட்டால் பெரும்பாலும் ‘சரிங்க டீச்சர்’ என்றுதான் வரும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை டீச்சரிடம் வேண்டாம் என்று சொல்வது லேசில்லை. தலைமையாசிரியருக்கும் விருப்பம் என்று தெரிந்தால் சொல்லவே சொல்லாது. கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: ‘இதை யார் பார்த்தால் உனக்குச் சங்கடமாக இருக்கும்? அப்பா பார்த்தால் என்ன சொல்வார்? உன் சித்தப்பா வீட்டில் பார்த்தால்? நீ காலேஜில் சேர்ந்த பிறகு கூடப் படிக்கிறவர்கள் தேடி எடுத்துப் பார்த்தால்?’ அவள் பதில் சொல்லத் தயங்கினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வெட்டுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீங்களாக வெட்டாதீர்கள். அவளைக் கேட்காமல் வெளியிடுவது எப்படித் தவறோ, அவளைக் கேட்காமல் வெட்டுவதும் அப்படித்தான். அவள் வாயில் வந்ததை நீங்கள் திருத்திவிட்டதாக ஆகும், அடுத்த முறை உண்மையைச் சொல்லவே மாட்டாள். இரண்டு படமாகச் செய்யலாம் என்று அவளிடம் சொல்லிப் பாருங்கள். ஒன்று அவளுக்கும் வகுப்புக்கும் மட்டும், அப்படியே முழுசாக. இன்னொன்று வெளியே போக. அதில் எது இருக்கலாம், எது வேண்டாம் என்பதை அவளே உட்கார்ந்து தீர்மானிக்கட்டும். அப்பாவின் குடி அப்பாவுடைய விஷயமும்கூட. தோப்பு போன பிறகு தன் வீடு எப்படி மாறியது, தனக்கு என்ன தோன்றியது என்பது முழுக்க அவளுடையது. 2018 நவம்பர் 16 விடியற்காலை புயல் கரையைக் கடந்தபோது அவளுக்கு ஏழு, எட்டு வயது இருந்திருக்கும். அந்த வயதுக் குழந்தையின் காதில் விழுந்தது, கண்ணில் பட்டது என்று சொல்ல எவ்வளவோ இருக்கிறது. அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமலும் அந்தக் கதை கனமாகத்தான் இருக்கும்.

முகத்தை மங்கலாக்கிவிட்டால் போதுமா என்றும் யாராவது கேட்பார்கள். நகரத்தில் போதலாம். உங்கள் ஊரில் குரலைக் கேட்டதுமே யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுவார்கள். வாசலில் நிற்கும் டிவிஎஸ் 50, திண்ணைத் தூண், பக்கத்துக் கோயில் மதில் என்று படத்தில் வரும் எல்லாமே அடையாளம். பெயரை மாற்றுவதும் முகத்தை மறைப்பதும் வெளியூர்க்காரனிடமிருந்துதான் காப்பாற்றும். அந்தப் பெண் தினமும் தண்ணீர் பிடிக்கப் போகும் தெருவிலிருந்து காப்பாற்றாது.

இதோடு சேர்த்து ஒன்று. பேசும்போது அப்பா அடிக்கிறார் என்றோ அதைவிட மோசமாக ஏதாவதோ அவள் சொன்னால், அதற்கு மேல் அது படம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098. பாலியல் துன்புறுத்தல் என்று தெரியவந்தாலோ, நடக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ, 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். ரகசியமாக வைத்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுக்க ஆசிரியருக்கு உரிமை கிடையாது. அடுத்த ஆண்டு இந்தப் பாடத்தை நடத்தும்போது முதல் நாளே பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிடுங்கள்: ‘உங்களுக்கு ஆபத்து என்று எனக்குத் தெரிந்தால் நான் இன்னொருவரிடம் சொல்லியாக வேண்டும்.’ தெரிந்து சொல்வதும் தெரியாமல் சொல்லி மாட்டிக்கொள்வதும் ஒன்றில்லை. அப்படி விசாரணையிலோ வழக்கிலோ இருக்கும் குழந்தை எந்தப் படத்திலும் அடையாளம் தெரியும்படி வரக் கூடாது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பள்ளியின் பெயரைச் சொல்வதைக்கூடத் தடுக்கிறது.

பெரியவர்களும் இதில் தவறியிருக்கிறார்கள். 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோ என்ற ஊரில், பட்டாணி பறிக்க வந்த கூலித் தொழிலாளர்களின் முகாமில் டோரதியா லாங் ஒரு தாயைப் படம் எடுத்தார். ‘புலம்பெயர்ந்த தாய்’ என்று உலகம் முழுவதும் தெரிந்த படம். பெயரையோ வரலாற்றையோ தான் கேட்கவில்லை என்று லாங்கே பிற்பாடு எழுதினார். சாப்பாட்டுக்காகக் காரின் டயர்களை விற்றுவிட்டார்கள் என்றும் எழுதினார். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது குடும்பம். அந்தத் தாயின் பெயர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978-ல்தான் வெளியே வந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை, எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று வருந்தினார். அரசு வேலையாக எடுத்த படம் என்பதால் அதற்குக் காப்புரிமைத் தடை இல்லை, யார் வேண்டுமானாலும் அச்சிட்டார்கள். சட்டப்படி எல்லாம் சரி. லாங்கின் நோக்கமும் நல்லதுதான், அந்தப் படத்தால் முகாமுக்கு உணவு வந்து சேர்ந்தது. அப்படியும் படத்தில் இருந்தவருக்குப் பல ஆண்டுகள் மனக்குறை. உங்கள் வகுப்பில் இந்தப் படத்தைக் காட்டி ஒரு மணி நேரம் பேசுங்கள். நான் சொல்ல வரும் எல்லாமே அதில் இருக்கிறது.

அடுத்து, இணையத்திலிருந்து எடுத்த தோப்புப் படம். அது கஜாவில் விழுந்த தோப்புதானா என்று முதலில் அவளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கூகுள் லென்ஸில் போட்டால் அதே படம் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும். அவற்றில் மிகப் பழைய தேதி எது என்று பார்க்க வேண்டும். 2018-க்கு முன்பே அந்தப் படம் எங்காவது இருந்தால் கதை முடிந்தது. கடைப் பலகையில் என்ன எழுத்து, வண்டியில் என்ன நம்பர் பிளேட், வீட்டுக்கூரை நம் ஊர்க் கூரைதானா என்று பார்ப்பதும் உதவும். ஒவ்வொரு புயலுக்கும் வேறெங்கோ எடுத்த படங்கள் வாட்ஸ்அப்பில் நம் ஊர்ப் பெயரோடு சுற்றுகின்றன. தான் நம்பி எடுத்த படத்தின் பூர்வீகத்தைத் தானே தேடிப் பார்த்த பிள்ளை, அடுத்த முறை ஒரு படத்தை ஃபார்வர்டு செய்வதற்கு முன் யோசிக்கும். வதந்தியை நம்பாதே என்று நாம் போர்டில் எழுதிப் போடுவதைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

அந்தப் படம் கஜாவுடையதே என்று தெரிந்தாலும், வேறொருவர் தோப்பை என் தோப்பு என்று காட்டுவது சரியில்லை. படம் இல்லை என்றால் என்ன? தோப்பு இருந்த இடத்துக்குப் போய் இன்றைக்கு எடுக்கட்டும். கஜாவுக்குப் பிறகு நட்ட நெட்டைக் கன்றுகள் இப்போதுதான் பாளை விடும் பருவத்தில் இருக்கும். விழுந்த மரங்களின் அடிக்கட்டை ஒன்றிரண்டு வரப்போரம் மிச்சம் இருக்கலாம். வரைந்து காட்டலாம். வெறும் கறுப்புத் திரையில் காற்றுச் சத்தத்தை மட்டும் ஓடவிட்டுப் பேசலாம். இணையத்தில் எடுத்த படத்தைவிட இவை எதுவும் குறைவில்லை, எனக்கு இவைதான் பிடிக்கும்.

பாட்டியைப் பேச வைத்த பையனிடம் கோபப்படாதீர்கள். அவன் பாட்டிமேல் ஆசைப்பட்டுச் செய்திருக்கிறான். அவனிடம் இரண்டு விஷயம் பேசுங்கள். பாட்டி சொல்லாத வார்த்தையைப் பாட்டி வாயில் வைத்தால், பார்க்கிறவர்கள் அதை அவர் சொன்னதாகவே எடுத்துக்கொள்வார்கள். அத்தை, பெரியப்பா பார்த்தால் என்ன நினைப்பார்கள்? மறுத்துச் சொல்ல அவர் இப்போது இல்லை. ‘பாட்டி இப்படித்தான் சொல்வார்’ என்று அவனே தன் குரலில் சொன்னால் அதில் பொய் இல்லை. பாட்டியின் புகைப்படத்தை அப்படியே காட்டி அவன் பேசினால் போதும். ஏஐ படத்தை வைத்தே தீர வேண்டுமென்றால் அது உருவாக்கிய படம் என்று திரையிலேயே எழுதட்டும். நிஜம்போல் தோன்றும் ஏஐ காட்சிகளை அப்படி அறிவிக்க வேண்டும் என்று யூடியூப் 2024 முதல் கேட்கிறது. இரண்டாவது, குடும்பத்தார் முகங்களைக் கண்ட செயலியிலும் ஏற்றக் கூடாது. ஏற்றிய படம் எங்கே போகிறது, யார் வைத்துக்கொள்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. பல செயலிகளுக்கு வயது வரம்பும் இருக்கிறது. அவன் யார் போனில், யார் கணக்கில் அதைச் செய்தான் என்று விசாரியுங்கள். அநேகமாக அண்ணன் போனாக இருக்கும்.

சினிமாப் பாட்டு விஷயம் சுலபம். 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு பாடம் நடத்தும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் சலுகை தருகிறது. ஆசிரியர், மாணவர், பெற்றோர் மட்டும் கூடும் பள்ளி நிகழ்ச்சியில் பாட்டுப் போடுவதற்கும் இடம் தருகிறது. யூடியூப்பில் ஏற்றியதும் அந்தச் சலுகையை நம்ப முடியாது. யூடியூப்பின் ‘கன்டென்ட் ஐடி’ என்ற தானியங்கிச் சோதனை பாட்டைக் கண்டுபிடித்து, ஒலியை நிறுத்தலாம், வருமானத்தை உரிமையாளருக்குத் திருப்பலாம், சில சமயம் படத்தையே முடக்கலாம். பாரதியார் பாட்டென்றால் பிரச்சினை இல்லையே என்பார்கள். பாரதியின் எழுத்துகளின் உரிமையை 1949-ல் அரசு எடுத்துக்கொண்டு, பிற்பாடு எல்லோருக்கும் பொதுவாக்கியது, உண்மைதான். ஆனால் அதை ஒருவர் இசையமைத்துப் பாடிப் பதிவு செய்திருந்தால் அந்தப் பதிவுக்குத் தனி உரிமை உண்டு. பிள்ளைகளே பாடிப் பதிவு செய்தால் தடையில்லை. யூடியூப்பின் ஒலி நூலகத்தில் இலவச இசை கிடைக்கிறது. அதைவிட, நடவுப் பாட்டு தெரிந்த ஆத்தா ஒருவர் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். அவரைக் கேட்டு, எதற்கு என்று சொல்லி, பாட வைத்து, கடைசியில் அவர் விரும்பினால் அவர் பெயரைப் போடுங்கள். பள்ளிப் படங்களில் தலைமையாசிரியர் பெயர் பெரிதாக வருகிறது, பாடிக் கொடுத்த ஆத்தா பெயர் வருவதே இல்லை. இது எனக்குப் பெரிய வருத்தம்.

வெளியிடுவது என்று முடிவானால் சில்லறை வேலைகள் இருக்கின்றன, அவற்றில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். கேமராவில் லொகேஷனை அணைத்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் புகைப்படக் கோப்புக்குள்ளேயே வீட்டின் இருப்பிடம் பதிந்திருக்கும். சீருடையில் பள்ளிப் பெயர், கழுத்தில் அடையாள அட்டை, நோட்டு அட்டையில் பெயர், வகுப்பு எல்லாம் ஃபிரேமுக்குள் வருகிறதா பாருங்கள். யூடியூப்பில் ‘அன்லிஸ்டட்’ என்று போட்டால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். லிங்க் கையில் கிடைத்தவர் எல்லோரும் பார்க்கலாம், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அது ஒரு நாளில் ஊர் சுற்றிவிடும். கமெண்டை மூடிவிடுங்கள். முக்கியமாக, சேனல் யார் பெயரில் இருக்கிறது? உங்கள் சொந்த ஜிமெயிலில் இருந்தால், நீங்கள் பணிமாறுதலில் போன பிறகு ஒரு பிள்ளை வந்து என் படத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்டால் யார் எடுப்பார்கள்? பள்ளி மின்னஞ்சலில் வைத்து, கடவுச்சொல்லை அலுவலகப் பதிவேட்டில் பத்திரப்படுத்துங்கள். படங்களை ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் பார்த்து, பிள்ளைகளிடம் மறுபடி கேளுங்கள். 14 வயதில் சரி என்றவள் 17 வயதில் வேண்டாம் எனலாம். காரணம் கேட்காமல் எடுத்துவிட வேண்டும்.

டிஜிட்டல் கதை சொல்வதை 1990-களில் பயிற்சியாக வளர்த்தவர்கள் கலிபோர்னியாவில், பிற்பாடு ஸ்டோரிசென்டர் என்று பெயர் பெற்ற அமைப்பில் இருந்த ஜோ லாம்பர்ட்டும் அவரோடு இருந்தவர்களும். கதை சொல்பவரின் உரிமைகள் என்று ஒரு பட்டியலை அவர்கள் வைத்திருந்தார்கள். தன்னைப் பற்றியோ மற்றவரைப் பற்றியோ சொல்ல விரும்பாததை விட்டுவிடும் உரிமை, யார் பார்ப்பார்கள் என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ளும் உரிமை, கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறும் உரிமை எல்லாம் அதில் உண்டு. பெரியவர்களுக்கே இவ்வளவு என்றால் பிள்ளைகளுக்கு இன்னும் எவ்வளவு வேண்டும்! உங்கள் வகுப்புப் பிள்ளைகளையே உட்கார்த்தி, எங்கள் கதைக்கு எங்கள் விதி என்று தமிழில் எழுதச் சொல்லிப் பாருங்கள். நான் பார்த்தவரை பிள்ளைகள் நம்மைவிடக் கறாராக எழுதுகிறார்கள்.

போட்டி பற்றி எனக்கு வேறொரு கவலையும் உண்டு. அழவைக்கும் கதைக்கே பரிசு கிடைத்துக்கொண்டிருந்தால், வீட்டில் பெரிய துயரம் இல்லாத பிள்ளை தனக்குக் கதையே இல்லை என்று நினைக்கிறது. துயரம் உள்ள பிள்ளை அதை எடுத்துக் காட்டினால்தான் தன்னைப் பார்ப்பார்கள் என்று கற்றுக்கொள்கிறது. சந்தைக்குப் போன கதை, காணாமல் போன ஆட்டுக்குட்டிக் கதை, அம்மாச்சியின் மீன்குழம்புக் கதை என்று உங்கள் வகுப்பில் நிச்சயம் இருக்கும். அவற்றையும் அதே அக்கறையோடு திரையிடுங்கள், அவற்றுக்கும் கைதட்டுங்கள்.

தலைமையாசிரியரிடம் மறுப்பாகப் பேச வேண்டாம். போட்டி நடத்துபவர்களிடம் முதலில் எழுதிக் கேட்கலாம் என்று சொல்லுங்கள். படம் எங்கெல்லாம் காட்டப்படும், எத்தனை காலம் வைத்திருப்பார்கள், சமூக ஊடகத்தில் வெட்டிப் போடுவார்களா, மாணவி விலகிக்கொண்டால் எடுத்துவிடுவார்களா? இதற்கு எழுத்தில் பதில் வந்தால் அதை அந்தப் பெண்ணிடம் காட்டி, அவளே தீர்மானிக்க ஒரு வாரம் கொடுங்கள். அவள் சம்மதித்தால் அவள் தேர்ந்த வடிவம்தான் வீட்டுக்குப் போய்க் கையெழுத்தோடு வர வேண்டும். பதில் வராவிட்டாலோ, அவள் தயங்கினாலோ, வேறொரு பிள்ளையின் படத்தை, அந்தப் பிள்ளையையும் அதன் வீட்டையும் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.